காருக்குள் ஒரு சாயங்காலம்

சங்கரன்கோவிலில் ஒருத்தி குளிருது என்று சொன்னால் யார் நம்புவார்கள்? வெங்கடேஷ் விசைத்தறிக் கூடத்திலிருந்து வேர்த்து வழிய வீட்டுக்கு வருவார். அவர் மனைவி பிரேமலதா சேலைக்கு மேல் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். தைராய்டு, மாத்திரை சாப்பிட்டு வந்தால் மெல்லச் சரியாகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த மெல்ல என்பதுதான் நீண்டுகொண்டே போனது.

பூ மார்க்கெட்டில் பிச்சி மொட்டை ஏலத்தில் எடுத்து, புளியங்குடிக் கடைகளுக்குத் தன் பழைய காரில் கொண்டுபோய்க் கொடுப்பது அவள் தொழில். மொட்டு வாடாமல் இருக்க ஈரச் சாக்கில் கட்டியிருக்கும். கார்த்திகை மழைக்காலத்தில் பின்னாலிருந்து அந்த ஈரம் முதுகில் வந்து ஒட்டும். ஸ்டீயரிங்கைப் பிடித்த விரல்கள் மரத்துப்போகும். ஒருநாள், அதுவரை தொட்டதே இல்லாத சிவப்புப் பக்கத்துக்கு ஹீட்டர் திருகைத் திருப்பினாள். குளிர்ந்த காற்றுதான் வந்தது.

ராஜபாளையம் ரோட்டில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த ரிபாயி சிரித்துவிட்டார்.

"யக்கா, கூலிங் வரலன்னுதான் இங்கன எல்லாரும் வருவாங்க. குளிர்காத்து வருதுன்னு சொல்லுத மொத ஆளு நீங்கதான்."

"சிரிக்காதீங்க பாய். எனக்குக் கையே விறைக்கு."

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு பானட்டைத் திறந்தார். ரேடியேட்டரில் தண்ணீர் இருந்தது. ஹீட்டர் காற்றாடி சுற்றியது. எஞ்சினை வெகுநேரம் ஓடவிட்டும் சூடு காட்டும் முள் அடியிலேயே கிடந்தது. ஹீட்டருக்குப் போகிற இரண்டு ரப்பர் குழாயையும் தொட்டுப் பார்த்து, அவளையும் தொடச் சொன்னார். குழந்தை குளிக்கிற தண்ணீர் அளவுக்குக்கூடச் சூடில்லை.

"எஞ்சின் சூடாகவே இல்லக்கா. அந்தச் சுடுதண்ணிதான் ஹீட்டருக்குள்ள போவணும்."

ஒரு மூடியைக் கழற்றினார். உள்ளே தெர்மோஸ்டாட் வால்வு இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது.

"எஞ்சின் சூடாகுத வரைக்கும் தண்ணிய ரேடியேட்டருக்கு விடாம மறிச்சு வைக்குத வால்வு இது. நம்ம ஊரு வெயிலுக்கு இது எதுக்குன்னு யாரோ உருவிட்டாங்க. இது ஊட்டிப் பக்கம் ஓடுன வண்டில்லா?"

"அப்படித்தான் சொன்னாங்க. நான் ஊட்டியெல்லாம் பாத்ததில்ல."

மதுரையிலிருந்து வால்வு வந்ததும் மாட்டினார். கூலண்ட் ஊற்றினார். முள் நடுவுக்கு ஏறியது. காற்று மட்டும் சூடாகவில்லை. ரிபாயி தாடியைச் சொறிந்தபடி நின்றார். பிறகு காரை முன்சக்கரம் மேலேறும்படி ஒரு மண்மேட்டில் நிறுத்தி, எஞ்சின் ஆறியதும் ரேடியேட்டர் மூடியைத் திறந்துவைத்து மறுபடி ஓடவிட்டார். குழாயில் அடைத்திருந்த காற்று குமிழ் குமிழாக வெளியேறியது. குறைந்த அளவுக்கு மேலும் ஊற்றி மூடினார். அவளை டிரைவர் சீட்டில் உட்காரச் சொல்லி, பக்கத்தில் தானும் ஏறித் திருகைத் திருப்பினார்.

"இப்போ பாருங்க."

முதலில் தூசி வந்தது. பின்னாலேயே ஊட்டிக் காலத்துக் காய்ந்த தைலமர இலைத் துணுக்கு ஒன்று பறந்து அவள் மடியில் விழுந்தது. அப்புறம் சூடு. யாரோ இரண்டு உள்ளங்கையால் அவள் முகத்தை ஏந்தியது மாதிரி. பிரேமலதா இரண்டு கையையும் காற்று வரும் ஓட்டைக்கு நேராக நீட்டினாள். ரிபாயி வேர்வையைத் துடைத்துக்கொண்டு இறங்கிப்போய்விட்டார்.

மறுநாள் காலை மழை. ஏலம் முடிந்து சாக்குகளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டாள். பாதங்களில் சூடு ஏறியது, முழங்காலுக்கு வந்தது, வயிற்றில் தங்கியது. பாதி வழியில் மழை வலுத்து ரோடு தெரியாமல் போக, ஒரு புளியமரத்தடியில் ஒதுங்கினாள். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டு, எஞ்சினை அணைக்காமல் கண்ணை மூடினாள்.

கனவில் ஒரு மலைப்பாதை. மேகங்கள் வரிசையாக நின்று கையைக் காட்டின. புளியங்குடி போகுமா என்று கேட்டு ஒவ்வொன்றாக ஏறி உட்கார்ந்தன. இடம் பத்தாது, கொஞ்சம் நெருங்கி உட்காருங்க என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். நெருங்க நெருங்க வாசனை ஏறியது.

விழித்தபோது மழை ஓய்ந்திருந்தது. வாசனை மட்டும் போகவில்லை. திரும்பிப் பார்த்தாள். சாக்கு வாயெல்லாம் வெள்ளை. மொட்டு அத்தனையும் விரிந்து கிடந்தது. அதன் நட்டம் என்ன என்று தெரிந்தும், ஒரு கணம் அவளுக்குப் பதறத் தோன்றவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பிறகுதான் கடைக்காரர் ராமசுப்புவுக்குப் போன் போட்டாள்.

"அண்ணாச்சி, பூவெல்லாம் விரிஞ்சுட்டு."

"காலையிலயேவா? சாயங்காலம்லா விரியும்?"

"காருக்குள்ள சாயங்காலம் ஆயிட்டு அண்ணாச்சி. என் தப்புதான்."

"விரிஞ்ச பூவ யாரு வாங்குவா? சரி, கொண்டாங்க, பாப்போம்."

பாதிக்குமேல் குறைந்த விலைக்கு உதிரிப்பூவாகத்தான் போயிற்று. மிச்சத்தை ராமசுப்பு அவசரமாகச் சரம் கட்டவைத்தார். பஸ்ஸுக்கு நின்ற பெண்கள் வாசனைக்கு இழுபட்டு வந்து, வாங்கிய இடத்திலேயே தலையில் வைத்துக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு பூவோடு போகும்போது பிரேமலதா ஹீட்டரைத் தொடுவதில்லை. இரண்டு சட்டையும் காலுறையும் போட்டுக்கொண்டு பல்லைக் கடித்து ஓட்டுவாள். வெறும் வண்டியாகத் திரும்பும்போது மட்டும் திருகைத் திருப்புவாள். வீட்டுக்கு அவசரமாகப் போக மனசு வராது.

அப்படித் திரும்பும்போது ஒருநாள், நனைந்த ஆட்டுக்கூட்டம் ஒன்று ரோட்டை அடைத்துக்கொண்டு போனது. அவள் ஹாரன் அடிக்காமல் பின்னாலேயே ஊர்ந்தாள். தலையில் சாக்கைக் கவிழ்த்திருந்த ஆட்டுக்காரர் ஒதுங்கி வந்து, "கொஞ்சம் பொறு தாயி, ஓட்டிருதேன்" என்றார். அவர் தாடை நடுங்கியது. அவள் மறுபக்கக் கண்ணாடியை முழுசாக இறக்கினாள்.

"கைய உள்ள நீட்டுங்க அண்ணாச்சி. அந்த ஓட்டைக்கு நேரா."

அவர் தயங்கி நீட்டினார். விரல்களை விரித்தார், மடக்கினார், மறுபடி விரித்தார்.

"என்ன தாயி, வண்டிக்குள்ள அடுப்பா எரியுது?"

"ஆமா. நல்லா காயுங்க."

ஆடுகள் தாமாக ஓரத்துக்கு இறங்கி மேயத் தொடங்கியிருந்தன. ரோடு திறந்துவிட்டது. இரண்டு பேரும் அதைக் கவனிக்கவில்லை.