ஆடியில் வந்த மாப்பிள்ளை

பேய், முனி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். தென்காசி ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிற வேலை. இத்தனை மைலுக்கு இத்தனை மணி நேரம் என்றால் நம்புவேன், மற்றதெல்லாம் எனக்கு வெட்டிப் பேச்சு. நீங்களும் சிரிக்கத்தான் போகிறீர்கள், சிரியுங்கள்.

அது யுத்த சமயம். என் தங்கை செண்பகத்தைக் கட்டியவர் கராச்சி விமான நிலையத்தில் மெக்கானிக். கல்யாணமாகி முதல் ஆடி என்பதால், வழக்கப்படி அவளை மாமியார் வீட்டிலிருந்து எங்கள் ஊர் மேலகரத்துக்கு அழைத்து வந்திருந்தேன். அப்பா இல்லாத வீடு, அவள் விஷயத்தில் முடிவு சொல்ல நான் ஒருவன்தான்.

அன்றைக்குக் காலை பத்து மணி இருக்கும். குற்றாலத்தில் குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டு நிற்கிறேன், எதிரே மாப்பிள்ளை. சாரலில் அத்தனை பேரும் தொப்பலாக நனைந்திருக்க, அவர் சட்டையில் இஸ்திரி மடிப்புகூடக் கலையவில்லை.

“எப்ப வந்திய மாப்ளே?”

“காலைல கராச்சில சாயா குடிச்சுட்டு ஏரோப்ளேன் ஏறுனேன் மச்சான். செண்பகத்தை அனுப்பி வைங்க, சாயங்காலம் அங்கன போயிருவோம்.”

எனக்கு அங்கேயே சுருக்கென்றது. கராச்சிக்கும் மெட்ராஸுக்கும் ஆகாய வழியே ஆயிரத்திருநூறு மைல். அங்கங்கே இறங்கி எண்ணெய் ஊற்றி, இருட்டினால் தங்கி, மறுநாள்தான் விமானம் மெட்ராஸ் சேரும் என்று எனக்குச் சொன்னதே இவர்தான். அதற்கப்புறம் எங்கள் ரயிலில் ஒரு ராத்திரியும் அரைப் பகலும். காலையில் அங்கே சாயா குடித்தவர் எப்படி இங்கே நிற்கிறார்? சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டு ஓடி வந்துவிட்டாரோ, இல்லை வேறு ஏதாவதா? முகத்துக்கு நேரே கேட்கப் பயமாக இருந்தது.

“ஆடியில எப்படி மாப்ளே அனுப்ப? ஆவணி பொறக்கட்டும், நானே ரயில் ஏத்தி விடுதேன்.”

“சொன்ன வாக்கு மாறப்பிடாது, பாத்துக்கிடுங்க” என்றார். துண்டைப் பிழிந்துவிட்டு நிமிர்ந்தால் ஆளைக் காணோம்.

மத்தியானம் வீட்டுக்குத் தந்தி வந்தது. லீவு கிடைக்கவில்லை, ஆவணியில் வருகிறேன் என்று மாப்பிள்ளை அடித்திருந்தார். நம்பினால் நம்புங்கள், அது கராச்சியில் அன்று காலை ஒன்பதரை மணிக்குக் கொடுத்த தந்தி. யாரிடமும் நான் மூச்சு விடவில்லை, செண்பகத்திடம்கூட. அவள் புருஷனைப் பற்றி அவளிடம் என்னவென்று சொல்ல?

ஆவணியில் மாப்பிள்ளை ரயிலில் வந்து இறங்கினார், கரி படிந்த சட்டையும் நாலு நாள் தாடியுமாக. அப்பாடா, இவர்தான் நம் ஆள் என்று எனக்குப் போன உயிர் திரும்பியது. சந்தோஷமாகத்தான் இரண்டு பேரையும் வண்டி ஏற்றினேன்.

வண்டி நகர்ந்ததும் அவர் ஜன்னல் வழியே குனிந்து மெதுவாகச் சொன்னார்: “அன்னைக்கு அருவிக்கரையிலயே அனுப்பியிருந்தா இவ்வளவு சுத்து வேண்டாமுல்லா, மச்சான்?”

நான் வண்டியோடு ஓடினேன். வழியனுப்பத்தான் ஓடி வருகிறேன் என்று நினைத்துச் செண்பகம் சிரித்துக்கொண்டே கையாட்டினாள்.

மாதம் தவறாமல் சுகம் என்று எழுதுகிறாள். பதில் எழுத உட்கார்ந்தால், மாப்பிள்ளை சுகமா என்று கேட்க மட்டும் எனக்குக் கை வரமாட்டேன் என்கிறது.