வேஸ்ட் ஆயில் வைத்தியம்

எங்கள் வீட்டு நாய் தன்னுடைய கைவைத்தியத்தால்தான் பிழைத்தது என்று என் கணவரின் அண்ணன் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார். ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் அவர் அதைச் சொன்னபோது, நான் ரசம்கூட வாங்காமல் எழுந்து வந்துவிட்டேன். நடந்ததை நானே எழுதிவிடுகிறேன்.

நீலகிரியில், நடுவட்டம் என்ற ஊரில், ஒரு தேயிலை ஃபேக்டரி ஆபீசில் நான் கிளார்க். எங்கள் மேனேஜர், அகிட்டா என்ற ஜப்பான் இனத்து நாயைக் குட்டியிலிருந்து வளர்த்தார். சமவெளிக்கு மாற்றலானபோது, அந்த வெயிலில் அதை வேகவிட மனமில்லாமல் என்னிடம் விட்டுப் போனார். தொடைக்கு மேல் உயரம், கரடி முகம், முதுகின் மேல் சுருண்ட வால். தோட்டத் தொழிலாளர் லைன் வீட்டுக்காரர்கள் ஜப்பான்காரன் என்றார்கள். எங்களுக்கும் அதுவே பெயராகிவிட்டது.

வீண் குரைப்பு கிடையாது. காட்டெருமை தேயிலைக்குள் வந்தால் எழுந்து நிற்பான், அவ்வளவுதான். அன்னியர் கை தலைக்கு மேல் வந்தால் பிடிக்காது. பூனையைப் போல நாள் முழுக்கத் தன்னைத்தானே நக்கிச் சுத்தம் செய்துகொள்வான். வீட்டில் என் பேச்சை மட்டும்தான் கேட்பான். 'இரு' என்று நான் சொல்லிவிட்டால் காதுக்குள் மருந்து விட்டாலும் அசையமாட்டான்.

"வருசத்துக்கு ரெண்டு தடவ உள்முடி கொத்துக் கொத்தாக் கொட்டுமுங்க. சீக்குன்னு நெனச்சுராதீங்க, தெனமும் சீவி உட்டாப் போதும்" என்று மேனேஜர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அதை என் கணவரிடம் நானும் படித்துப் படித்துச் சொன்னேன். மாசியில் கொட்ட ஆரம்பித்தது. வீடெல்லாம் முடி, என் ஸ்வெட்டரில், சாம்பாரில்கூட.

அந்தச் சமயம் பார்த்துத்தான் கணவரின் அண்ணன் வந்தார். மேட்டுப்பாளையத்தில் லாரி ஒர்க்ஷாப் வைத்திருக்கிறார். அங்கே சொறிநாய் எது வந்தாலும், வண்டியிலிருந்து வடித்த கறுப்பு ஆயிலைப் பூசி விடுவார்கள். வாசலில் கால் வைத்ததுமே, "அட, இது சொறிடா தம்பி" என்றார்.

"சொறி இல்லீங்க, முடி மாத்துது" என்றேன்.

"நான் பாக்காத நாயா, அம்மிணி?"

என் கணவர் தலையாட்டினார். நான் சொல்வது செவிடன் காதில் ஊதிய சங்கு. அண்ணன் சொன்னால் வேதவாக்கு.

அடுத்த வாரம் நான் ஆபீசில் இருந்தபோது கணவர் போன் செய்தார். "ஏம்புள்ள, இவன் கிட்டவே உடமாட்டீங்கறான். ஸ்பீக்கர்ல போடறேன், ஒரு வார்த்தை சொல்லு."

சீவத்தான் போகிறார் என்று நினைத்தேன். என் பேச்சை ஒருநாளாவது கேட்டாரே என்று சந்தோஷம் வேறு. "இரு சாமி, இரு" என்றேன்.

சாயங்காலம் வந்து பார்த்தால் தலையிலிருந்து வால் வரை கறுப்பாக நின்றான். வாயும் கறுப்பு. நக்கி நக்கி வாந்தி எடுத்திருந்தான். அண்ணன் ஒரு கேன் நிறையக் கறுப்பு ஆயிலோடு வந்து, பூசிவிட்டு அப்போதே ஊருக்குக் கிளம்பிவிட்டாராம். "நாத்தத்துக்கு நக்கமாட்டான்னு நெனச்சோம்" என்றார் என் கணவர். நினைத்தார்களாம்!

ஜீப் பிடித்து ஊட்டிக்குக் கொண்டுபோனோம். "தோல்ல ஒரு சீக்கும் இல்லீங்களே" என்று டாக்டர் சத்தம் போட்டார். "இந்த ஜாதி நாய் இதைப் பூசற வரைக்கும் சும்மாவா நின்னுச்சு?"

"இவ சொன்னா நிக்குமுங்க" என்றார் என் கணவர், ஏதோ பெருமை போல.

அங்கேயே செருப்பைக் கழற்றியிருப்பேன். அவரை அடிக்கவா, என்னை அடித்துக்கொள்ளவா என்றுதான் தெரியவில்லை.

நாலு நாள் டிரிப்ஸ் ஏறியது. பிழைப்பான் என்று டாக்டரே சொல்லவில்லை. நான் கணவரோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் என் கையிலிருந்து கொஞ்சம் கஞ்சி குடித்தான். இரண்டு மாதத்தில் புதுமுடி அடர்த்தியாக வந்தது. ஆயில் பூசாவிட்டாலும் வந்திருக்கும். காக்காய் உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. இந்தக் காக்காய் அதைப் பந்திக்குப் பந்தி சொல்லிக்கொண்டிருக்கிறது.

ஐப்பசியில் மறுபடி கொட்டியது. என் கணவர்தான் போனில் உளறியிருக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்து இறங்கினார், கையில் அதே கேன். "போன தடவ நல்லாக் கேட்டுச்சில்ல?" என்று படியேறினார்.

நான் வாசலில் சீப்போடு உட்கார்ந்திருந்தேன். ஜப்பான்காரன் எழுந்து நின்றான். குரைக்கவில்லை. உதடு மட்டும் மேலேறிப் பல் தெரிந்தது. அண்ணன் மூன்றாம் படியில் நின்றுவிட்டார். அவன் கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தான். என் வார்த்தைக்காகத்தான், அத்தனை பட்ட பிறகும்.

"சொல்லு புள்ள" என்றார் என் கணவர். "இருன்னு சொல்லு."

நான் சீப்பில் சிக்கியிருந்த முடியை உருவிக்கொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. அண்ணன் கேனைப் படியிலேயே வைத்துவிட்டு, திரும்பாமல் பின்பக்கமாகவே ஒவ்வொரு படியாக இறங்கினார்.

அவர் ரோட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு, "இரு சாமி" என்றேன். அவன் அசையாமல் நின்றான். நான் சீவ ஆரம்பித்தேன்.