நரியின் கண்ணைத் தொடும் புல்

வடதுருவக் கடலில் எங்கள் ஆறு சேரும் முகத்துவாரத்தில் நரி பிடிக்காத வீடு கிடையாது. நரியைக் கொல்லத் தெரிந்த ஆள் மட்டும் ஒருத்திதான்: என் அண்ணி டோர்கஸ். காலைக் கவ்வும் இரும்புப் பொறி வைக்க எந்த மடையனுக்கும் வரும். எனக்கே வருகிறது. மறுநாள் போய்ப் பார்க்கும்போது அது உயிரோடு நின்று நம்மைப் பார்க்கிறதே, அப்போது என்ன செய்கிறோம் என்பதில்தான் ஆளின் லட்சணம் தெரியும்.

சுட்டால் தோலில் ஓட்டை விழும். தோல் வாங்குகிறவர் அந்த ஓட்டைக்குள் விரலை விட்டு நம் முகத்துக்கு நேரே ஆட்டிக் காட்டுவார். தலையில் ஓங்கிப் போட்டால் மண்டை உடைந்து, ரத்தம் கழுத்து மயிரில் உறைந்துவிடும். கம்பிச் சுருக்கில் தொங்கவிடுகிறவர்களும் உண்டு. அவர்களைப் பற்றி நான் பேச விரும்பவில்லை. அண்ணி முழ நீளக் கம்பு ஒன்று வைத்திருப்பாள். நரிக்கு முன்னால் குந்தி, "வந்துட்டியா, சரி, சீக்கிரம் முடிச்சிரலாம்" என்று தாழ்ந்த குரலில் சொல்வாள். மூக்குத் தண்டின் மேல் ஒரே தட்டு. அது மயங்கிச் சாய்ந்ததும், முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சு துடிக்கும் இடத்தில் முழங்காலை ஊன்றி அழுத்துவாள். அழுத்தியபடியே கர்த்தர் கற்பித்த ஜெபத்தை முதலிலிருந்து ஆமென் வரை நிதானமாகச் சொல்வாள். அவளுக்கு அதுதான் கடிகாரம். கடைசியாகத் தொப்பி மடிப்பிலிருந்து காய்ந்த கடற்கரைப் புல் ஒன்றை எடுத்து, அதன் நுனியால் நரியின் கண்ணைத் தொடுவாள். இமை அசைந்தால் இன்னொரு ஜெபம். அசையவில்லை என்றால்தான் பொறியைத் திறக்கக் கை போகும்.

எங்கள் ஜனத்தில் அண்ணன் பெண்டாட்டியைக் கேலி செய்யாத கொழுந்தனை ஒருவரும் மதிக்க மாட்டார்கள். அந்தக் கடமையில் நான் குறை வைத்ததே இல்லை.

"என்ன அண்ணி, நரிக்கு அடக்க ஆராதனையா? காணிக்கை எடுக்கலியா?"

"நீ போறன்னிக்கு ஒனக்கும் சொல்றேன்டா ஏனோக்கு. ஆனா ஒன் ஒடம்புக்கு முழங்கால் பத்தாது, பனி வண்டியத்தான் ஏத்தணும்."

என் அண்ணன் ஒபதியா வயிறு குலுங்கச் சிரிப்பான். எங்களைப் பார்த்து நாங்கள் எவ்வளவு வேண்டுமானாலும் சிரிக்கலாம். பிடிபட்ட மிருகத்தைப் பார்த்து மட்டும் சிரிக்கக் கூடாது. அவமானப்படுத்தியவனை அது மறக்காது என்பார்கள்.

இந்தப் புல் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று ஒருமுறை கேட்டேன். அவளுக்குப் பதினாறு வயதிருக்கும்போது, மயங்கிய நரியைச் செத்ததென்று நினைத்து அவள் தகப்பன் கூடாரத்துக்குக் கொண்டுவந்துவிட்டானாம். தோலுரிக்கும் அவள் கத்தி நரியின் பின்னங்காலில் ஓடிக்கொண்டிருந்தபோது அது கண்ணைத் திறந்தது. "கத்தல. என்னையே பாத்துச்சு" என்றாள். அன்றைக்கு ஒரு நாள் நான் கேலி பேசாமல் இருந்தேன்.

அது, நாய் வண்டி போய் மோட்டார் பனி வண்டிகள் எங்கள் ஊருக்கு வந்து மூன்றாவது குளிர்காலம். பிப்ரவரியில் அண்ணி காலில் கொதிக்கும் கொழுப்பைக் கொட்டிக்கொண்டாள். அதனால் கடற்கரைப் பொறிகளைப் பார்க்க அண்ணனும் நானும் போக வேண்டியதாயிற்று. அண்ணனின் பையில் கம்பு, சட்டி ரொட்டி, தேயிலை எல்லாம் எடுத்து வைத்தாள். கூடவே ஒரு புல்லையும் சிவப்பு நூலால் பையின் வாரில் கட்டினாள்.

"கண்ணத் தொடாம கைய வைக்காதீங்க. ரெண்டு பேரும் அவசரக் குடுக்கைங்க."

கரையொதுங்கிய மரங்களுக்கு நடுவே, கடைசிப் பொறியில் அது உட்கார்ந்திருந்தது. கறுப்பு மயிரில் வெள்ளி நுனி விட்ட நரி. அப்படி ஒரு தோலை அண்ணன் பத்து வருஷமாகப் பார்த்ததில்லை. ஆனால் அந்த நரி எங்களைக் கண்டு பின்வாங்கவில்லை. சங்கிலி நீளும் மட்டும் எங்களை நோக்கியே வந்தது. தாடை தொங்கியது, எச்சில் வழிந்து மார்பில் பனிக்கட்டியாய் நின்றது.

அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பயம் விட்டுப்போன நரிக்கு வெறிநோய் ஏறியிருக்கும், அதைத் தொடக் கூடாது. தள்ளி நின்று சுட்டு, பொறியோடு எரித்துவிட வேண்டும். இலையுதிர் காலத்தில் நர்சம்மாவும் கோயில் வாசலில் நின்று சொல்லியிருந்தாள்: நரி கடித்தால் அன்றைக்கே வந்துவிடுங்கள், தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி, போட்டால் பிழைப்பீர்கள், நோய் ஏறிய பிறகு வந்தால் கடவுளே வந்தாலும் முடியாது.

"சுட்டா ஓட்ட. எரிச்சா சாம்பல்" என்றான் அண்ணன். "இந்தத் தோலையாடா எரிக்கச் சொல்ற?"

"வேணாம்ணே. மூஞ்சியப் பாரு."

"மூஞ்சியயா விக்கப் போறோம்?"

கம்பால் தட்டினான். சாய்ந்தது. முழங்காலை ஊன்றி ஜெபத்தைத் தொடங்கினான். கடலிலிருந்து அடித்த காற்று பல்லைக் கூசவைத்தது. ஜெபத்தின் பாதியில், அன்றாட ஆகாரம் கேட்கும் இடம் வந்ததும், "ஆகாரம் கெடச்சாச்சு, ஆமென்" என்று எழுந்துவிட்டான்.

"கண்ணத் தொட்டுப் பாருண்ணே."

"நீ என்ன எம் பொண்டாட்டியா?"

பொறியைத் திறக்கக் குனிந்தான். நரியின் தலை எழும்பியது. கையுறையைத் துளைத்துக் கட்டைவிரல் அடியில் பல் இறங்கியது. நான் கம்பைப் பிடுங்கி அடித்தேன். எத்தனை அடி என்று தெரியாது. அது அடங்கியதும் நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். பிறகு சிரித்தோம். நான்தான் முதலில் சிரித்தேன், அதையும் எழுதிவிடுகிறேன். செத்த நரி கடித்துவிட்டது என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தேன்.

"நர்ஸ் வீட்டுக்குப் போயிருவோம்" என்றேன் வழியில்.

"போனா டோர்கஸுக்குத் தெரிஞ்சிரும். இந்தக் குளிர்காலம் முழுக்க ஊரே என்னப் பாத்து ஆமென் சொல்லும். பேசாம வா."

பேசாமல் வந்தேன். என் வாய் எதற்கெல்லாமோ திறக்கும். அன்றைக்குத் திறக்கவில்லை.

அண்ணனே தோலை உரித்துப் பலகையில் இழுத்துக் கட்டியதும் அண்ணி மயிரை எதிர்ப்பக்கமாக ஊதிப் பார்த்தாள். கீறல் இல்லை, ரத்தம் இல்லை. மயிரில் உறைந்த ரத்தத்தையும் தலைத்தோலின் வீக்கத்தையும் அண்ணன் வழியிலேயே பனியால் தேய்த்து மறைத்திருந்தான். அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"நல்லாதான் செஞ்சிருக்கே. புல்லால தொட்டியா?"

"தொட்டேன்" என்றான் அண்ணன்.

அவள் என்னைப் பார்த்தாள். "தொட்டானா?"

"தொட்டாரு அண்ணி" என்றேன்.

விரலில் என்ன காயம் என்று கேட்டதற்குக் கத்தி பட்டது என்றான். நான் அடுப்பில் விறகு வைத்துக்கொண்டிருந்தேன்.

ஐந்து வாரம் ஒன்றுமில்லை. ஊசிக்குத் தப்பித்துவிட்டோம் என்று நானும் அவனும் தனியாக இருக்கும்போது சொல்லிக்கொண்டோம். மார்ச் கடைசியில் ஆறிப்போன தழும்பு குறுகுறுக்கிறது என்றான். பிறகு தூக்கம் போனது. ஒரு நாள் காலை அண்ணி கொடுத்த தேநீரை வாய்வரை கொண்டுபோனான், தொண்டை இழுத்துக்கொண்டது, கோப்பையைச் சுவரில் எறிந்தான். கதவு திறந்து காற்று முகத்தில் பட்டபோது அலறினான்.

அண்ணி அவன் வாயோரத்தில் வழிந்த எச்சிலைப் பார்த்தாள். எழுந்து போய் ஆணியில் தொங்கிய அவன் பையை எடுத்தாள். வாரில் சிவப்பு நூல் அவள் போட்ட முடிச்சோடு அப்படியே இருந்தது. புல் மடங்கக்கூட இல்லை.

"ஏனோக்கு, நீ என்ன சொன்னே எங்கிட்ட?"

நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டியிருந்தால், அந்தக் கம்பாலேயே அடித்திருந்தால், நான் இன்றைக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருப்பேன். அவள் செய்ததெல்லாம் அந்த முடிச்சை அவிழ்த்ததுதான்.

நர்ஸ் வீட்டுக்குக் கொண்டுபோனோம். மூன்று நாள் பனிப்புயல், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக விமானம் வரவில்லை. வந்தாலும் நம் மனசு ஆறத்தான் என்று நர்சம்மா மறைக்காமல் சொல்லிவிட்டாள். கையையும் காலையும் துணியால் கட்டிலோடு கட்டினார்கள். இடையிடையே புத்தி தெளிந்தது. அதுதான் கொடுமை. அப்படி ஒரு தெளிவில் அவன் அண்ணியைக் கூப்பிட்டான்.

"டோர்கஸ்... நரிக்குச் செய்றியே... எனக்குச் செய்ய மாட்டியா?"

"நரிக்கு நான் யாரோ" என்றாள். "ஒனக்கு நான் அப்படியா?"

கட்டில் பக்கத்தில் தரையில் முழங்காலை ஊன்றி ஜெபத்தைத் தொடங்கினாள். ஆமென் வரை சொன்னாள். திரும்பவும் முதலிலிருந்து சொன்னாள். நான் சுவரோரம் நின்றேன். உள்ளே நான் அழுதது எனக்குத்தான் தெரியும். நாலாம் நாள் விடிந்து வெகுநேரம் கழித்து அவன் அடங்கினான். நர்சம்மா நெஞ்சில் குழலை வைத்துப் பார்த்து, "போயிட்டார்" என்றாள். அண்ணி அதை நம்பவில்லை. சட்டைப் பையிலிருந்து அந்தப் புல்லை எடுத்து, அவன் இமையை விலக்கிக் கண்ணைத் தொட்டுப் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் கட்டை அவிழ்க்க விட்டாள்.

வெள்ளி நரித் தோலை வாசலில் போட்டு எரித்தாள்.

அடுத்த குளிர்காலம் பொறிகளைப் பார்க்க அவளோடு போக நான்தான் இருந்தேன். கேலி பேச வாய் வரவில்லை. அவளும் என்னைச் சீண்டவில்லை. முதல் நரியைக் கண்டதும் கம்பை நான் வாங்கிக்கொண்டேன். ஒரே தட்டு. முழங்காலை ஊன்றி ஆமென் வரை சொன்னேன், ஒரு வார்த்தை விடவில்லை. புல் நுனியால் கண்ணைத் தொட்டேன். இமை அசையவில்லை.

"தொட்டுட்டேன் அண்ணி. செத்துருச்சு."

அவள் வண்டியிலிருந்து இறங்கி, தழும்புக் காலை இழுத்து இழுத்து வந்து, தன் தொப்பி மடிப்பிலிருந்து வேறு புல்லை எடுத்து, நான் தொட்ட அதே கண்ணைத் தொட்டுப் பார்த்தாள். பதினோரு குளிர்காலமாகிறது. ஒவ்வொரு நரிக்கும் அப்படித்தான் இறங்கி வருகிறாள்.