அக்கா எடுக்க மறுத்த புள்ளிகள்

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களும் நண்பர்களும் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். அக்காவைப் பற்றி அமைதியாக எழுத எனக்கு இன்னும் வரவில்லை.

உடன்குடிப் பக்கம் பிறந்தவர் அக்கா. அவர் சிறுபிள்ளையாக இருக்கும்போதே அப்பா குடும்பத்தோடு தூத்துக்குடிக்கு வந்து இரும்புச் சாமான் கடை போட்டார். ஆணிப் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து படித்தவர் அக்கா. கல்லூரிப் படிப்பு முடியும் முன்பே அப்பா போய்விட்டார். "பொம்பளப் பிள்ளைக்கு இதுக்கு மேல என்னத்துக்குப் படிப்பு?" என்று அன்று கேட்ட சிலர் இன்று இதை வாசிக்கிறீர்கள். அக்கா டியூஷன் எடுத்தபடியே முனைவர் பட்டம் வரை படித்து, இங்குள்ள கல்லூரி ஒன்றில் சுற்றுச்சூழல் அறிவியல் பேராசிரியை ஆனார்.

அவர் பாடம் புத்தகத்தோடு நிற்காது. மாணவர்கள் தங்கள் வீட்டு மாடிகளில் காற்றுத் தூசியை அளக்கும் சிறு கருவிகளைக் கட்டுவார்கள். அந்த அளவுகளைக் கணினியில் ஏற்றி, பிழை பார்த்து, வரைபடமாக்கக் கற்றுக்கொடுப்பார். எந்த அளவையும் காரணம் எழுதாமல் நீக்கக் கூடாது. "நமக்குப் பிடிக்கலங்கிறது ஒரு காரணம் கெடையாது" என்பார்.

துறைமுகத்துக்கு லாரிகள் போகும் சாலையோரத் தெருக்களில் ஒரு பருவம் முழுக்க அப்படி அளந்தார்கள். கல்லூரிக் கண்காட்சிக்கு வரைபடம் தயாரானது. தூசி மிகுந்த அளவுகள் அதன் உச்சியில் புள்ளிகளாக நின்றன. அதைத் திறந்துவைக்க வரவிருந்தவர் அதே சாலையில் லாரிகள் ஓட்டும் முதலாளி. முந்தின நாள் கல்லூரி முதல்வர் வகுப்புக்கே வந்துவிட்டார்.

"மேல நிக்கிற அந்த நாலஞ்சு புள்ளிய மட்டும் எடுத்துருங்கம்மா. கெஸ்ட் வாராங்க."

"அளந்தது பிள்ளைங்க சார். அவங்ககிட்டயே கேளுங்க" என்றார் அக்கா.

தருவைகுளத்து மாணவி ஜெனிட்டா எழுந்து நின்றாள். "நாங்க திரும்பத் திரும்பச் சரிபார்த்தது சார். எடுக்க மாட்டோம்."

மறுநாள் வரைபடத்தையே காணவில்லை. அதோடு விட்டிருந்தால் மறந்திருப்போம். அடுத்து வந்த பெற்றோர் கூட்டத்தில், மார்க்குக்காகப் பிள்ளைகள் கற்பனையாக எண்களைப் போட்டுவிட்டார்கள் என்று முதல்வர் மைக்கில் சொன்னார். பெற்ற தாய் தகப்பன் காதுபடச் சொன்னார்! ஜெனிட்டாவின் அப்பா தலைகுனிந்து வெளியேறினாராம். அக்காவின் வகுப்பைப் பிடுங்கிக்கொண்டு, தேர்வு அறைக் கண்காணிப்பில் போட்டார்கள்.

கேட்டுவிட்டு வருகிறேன் என்று நான் செருப்பை மாட்டினேன். அக்கா மறித்தார். "ஏலே, நீ போய்ச் சத்தம் போட்டா தூசி குறைஞ்சிருமா? நம்ம கடை மாடியைக் கழுவி வையி. ஞாயித்துக்கெழம பிள்ளையெல்லாம் வருது."

அந்த ஞாயிற்றுக்கிழமை தொடங்கிய வகுப்பு நிற்கவே இல்லை. வெளியூர்ப் பேராசிரியர் ஒருவரை அழைத்து, அவர் கருவியையும் பக்கத்தில் வைத்து மறுபடி அளந்தார்கள். இரண்டும் ஒத்துப்போயின. அந்த அளவுகளை ஜெனிட்டாவே முதல்வரிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் வாங்கி மேசையில் வைத்ததோடு சரி. பின்பு அக்காவுக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. கடைசி வாரங்களில் பிள்ளைகள் ஆஸ்பத்திரிக்கே வந்து சந்தேகம் கேட்டார்கள்.

"அந்தத் தூசிதானே அக்காவைக் கொன்றது?" என்று பலர் என்னிடம் கேட்கிறீர்கள். மருத்துவர் அப்படிச் சொல்லவில்லை. ஆகவே நானும் எழுத மாட்டேன். எனக்குள்ள ஆத்திரத்துக்கு எழுதிவிடலாம்தான். அக்கா ஒத்துக்கொள்ள மாட்டார்.

இந்த மலருக்காகக் கல்லூரியிலிருந்து ஓர் இரங்கல் செய்தி வந்தது. "நிர்வாகத்தோடு இணங்கிப் பணியாற்றிய அமைதியான ஆசிரியை" என்று இருந்தது. அதை அச்சிட நாங்கள் சம்மதிக்கவில்லை.

அக்காவைத் தாய்போல் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், கேட்டதும் கருவியோடு பஸ் ஏறி வந்த பேராசிரியருக்கும், முறைவைத்துக் கட்டிலருகே இருந்த மாணவ மாணவியருக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது.

முதல்வர் அவர்களே, இந்த மலர் தங்களுக்கும் வரும். மைக்கில் சொன்னதை மைக்கிலேயே திரும்பப் பெறுங்கள். அக்காவுக்கு இனி அது வேண்டியதில்லை. அந்தப் பிள்ளைகளுக்கு வேண்டும்.

தம்பி