கூடச் சிரிக்க ஓர் ஆள்

இன்று காலை பதுளையிலிருந்து பண்டாரவளைக்கு பஸ்ஸில் வரும்போது போனில் ஒரு பழைய நகைச்சுவைப் படம் பார்த்துக்கொண்டிருந்தேன். யுத்தகளத்து ராணுவ டாக்டர்கள், குண்டடிபட்டவர்களுக்குத் தையல் போட்டுக்கொண்டே ஜோக் அடிக்கிற படம்.

பக்கத்து சீட்டு அக்கா எட்டிப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று நினைத்து நிறுத்தப் போனேன்.

"நிப்பாட்டாதீங்க தங்கச்சி. நாங்களும் இப்படித்தான் இருந்தோம்."

சண்டைக் காலத்தில் ஆமிக்காரர்களின் வார்டில் நர்ஸாக இருந்தவராம். கூட வேலை செய்தவர் மொனராகலையைச் சேர்ந்த குமாரி.

"ஒருத்தனுக்கு ஒரு கால எடுத்தாச்சு. கண்ணு முழிச்சதும் அழுவுறான். குமாரி கிட்டப் போயி, 'இனிமே ஒரு சப்பாத்துக்குத்தானே பொலிஷ் போடணும், பாதி வேலை மிச்சம்'னு சிங்களத்துல சொல்லிட்டா. எனக்கு உசுரே போச்சு. ஆனா அவன்தான் மொதல்ல சிரிச்சான். நாங்க ரெண்டு பேரும் வெளிய போயி அழுதோம்."

"இப்ப அவங்க எங்கக்கா?"

"தெரியல. எனக்குத் திடீர்னு இடமாத்தம் வந்துருச்சு. அப்ப எங்ககிட்ட போன் ஏது?"

என் போனில் ஓடிக்கொண்டிருந்த படத்தைக் காட்டித் தொடர்ந்தார்.

"வீட்டுல இந்தக் கதைய சொன்னா, 'சீ, இதுல என்ன சிரிப்பு'ன்னு கேக்குறாங்க. கூட சிரிக்க அவ இல்லாமலே இத்தன வருசம் போயிருச்சு."

இறங்குமுன் அவருடைய நம்பரை வாங்கிக்கொண்டேன்.

மொனராகலைப் பக்கம் நர்ஸாக இருந்து ஓய்வுபெற்ற குமாரி யாரையாவது தெரியுமா? அங்கே வீட்டுக்கு ஒரு குமாரி இருப்பார் என்று எனக்கும் தெரியும். பரவாயில்லை, எல்லாரையும் சொல்லுங்கள். ஒவ்வொருவராகக் கேட்டுப் பார்க்கிறேன்.