மஞ்சள் துணி சிவந்த காலை

விஜயலெட்சுமிக்கு உட்கார்ந்து சாப்பிடத் தெரியாது. நமுனுகுல தேயிலைத் தோட்டத்து லய வீட்டில், நின்றபடியே ரொட்டியை விழுங்கிவிட்டு வேலைக்கு ஓடுவார். உயர்தரத்தில் இரசாயனவியல் எடுத்தவர். இரண்டு வருடத்தில் அந்தப் பாடத்துக்குத் தமிழில் ஆசிரியர் இருந்தது ஒரே தவணை. ஆசிரியரைத் தராமல் பரீட்சையை மட்டும் தருகிற நாட்டில், தோற்றவர் அவர்தானாம்.

போன மாதம் கங்காணி வீரய்யாவுக்கு ஒரு யோசனை தோன்றியது. அமோனியம் சல்பேற்று உரத்தையும் சுண்ணாம்புத் தூளையும் ஸ்டோருக்குள்ளேயே கலந்துவிட்டால், மலைக்கு இரண்டு நடை ஒரு நடையாகும். பெண்கள் சந்தோஷமாகக் கலந்தார்கள். கண் எரிந்தது, மூச்சு அடைத்தது. மூன்றாம் நாள் ரெங்கம்மா மயங்கி விழுந்தார். ஸ்டோர் முனி அடித்துவிட்டது என்றார்கள். பேயோட்டும் கோடாங்கியிடம் போய்க் கழிக்கும்வரை அவருக்கு வேலை இல்லை என்று கங்காணி சொல்லிவிட்டார். ரெங்கம்மா தனியாக இரண்டு பிள்ளைகளை வளர்ப்பவர்.

விஜயலெட்சுமிக்கு இருப்புக் கொள்ளவில்லை. அந்த ஒரு தவணைப் பாடம் நினைவில் இருந்தது. ஒரு நைதரசனும் நான்கு ஐதரசனும் பிணைந்து, ஒரே மின்னேற்றத்தைச் சுமந்து, ஒரே ஆளைப்போலத் திரியும் கூட்டம் அமோனியம் அயன். உப்பாக இருக்கும்வரை சாது. சுண்ணாம்பு அதிலிருந்து ஓர் ஐதரசன் அயனைப் பறித்தால், மீதி அமோனியா வாயுவாகக் கிளம்பும்.

மறுநாள் காலை, வேலைக்குப் பேர் போடும் பெரட்டுக்கு மூன்று ஜாம் போத்தல்களோடு வந்தார். ஒன்றில் உரம், ஒன்றில் சுண்ணாம்பு, மூன்றாவதில் இரண்டும். எல்லாவற்றிலும் கொஞ்சம் தண்ணீர் விட்டு, மஞ்சளில் நனைத்த துணியைப் போத்தல் வாய்க்கு மேல் படாமல் பிடித்தார். முதல் இரண்டிலும் துணி மஞ்சளாகவே இருந்தது. மூன்றாவதில் சிவந்தது.

ஸ்டோரில் உரம் கலந்தவர்களில் ஒருவரான மாரியாயி கும்பிட்டார். "முனிக்குக் கோவம்டி."

"ஆலாத்தி தட்டுல மஞ்சளோட சுண்ணாம்பு சேந்தாலும் செவக்குதே, அது எந்த முனிக்குக் கோவம்?" என்றார் விஜயலெட்சுமி.

சிரிப்பு எழுந்தது. சுண்ணாம்பைப்போலக் காரமான காற்று இந்தக் கலவையிலிருந்து கிளம்புகிறது, ரெங்கம்மாவை அடித்தது அதுதான், செடிக்குப் போகவேண்டிய சத்தும் அதோடு பறக்கிறது என்று விஜயலெட்சுமி விளக்கினார். மாரியாயி போத்தலை மோந்து, கண்ணைக் கசக்கினார். "ஸ்டோரு நாத்தமேதான்."

சத்து பறக்கிறது என்றதும் கங்காணிக்குத் தோட்டத்தை நடத்தும் துரையின் முகம் ஞாபகம் வந்திருக்கவேண்டும். "அப்ப ரெண்டு நடை நீ நடப்பியா?"

"நடக்கிறேங்க. ரெங்கம்மாவுக்கு நாளைக்கே பேரு போடுங்க."

மறுநாள் ரெங்கம்மா வந்தார். சுண்ணாம்பை இனி வேறு மாதத்தில் தனியாகத்தான் தூக்கவேண்டும் என்றானதும் பெண்கள் விஜயலெட்சுமியை வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். கோடாங்கியையும் ஒருதரம் பார்த்துவிடு என்று ரெங்கம்மாவுக்கு இன்னும் சிலர் புத்தி சொல்கிறார்கள். அவர் உரச் சாக்கைத் தலைக்கு ஏற்றுகிறார்.