ஒரு வார்த்தை கம்மியான பதக்கம்

அழைப்பிதழில் கிழமை தப்பாக அச்சாகியிருந்தது. தேதிப்படி பார்த்தால் வெள்ளி. அழைப்பிதழ் வியாழன் என்றது. பஞ்சாங்கத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போய்த் துறைத் தலைவரிடம் காட்டினேன். அவர் பதறவில்லை.

"வியாழக்கிழமை வர்றவங்க ஒத்திகை பாத்துட்டுப் போவட்டும் சார். கூட்டம் ரெண்டா பிரிஞ்சா சாப்பாடும் கட்டுப்படியாவும்."

எங்கள் ஊருக்கு வெளியே ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. அதில் குற்றவியல் நீதித் துறை என்று ஒன்று. குற்றம் ஏன் நடக்கிறது, போலீஸ் என்ன செய்கிறது, நீதிமன்றம் என்ன செய்கிறது, சிறைக்குப் போனவன் திரும்பி வந்தால் என்ன ஆகிறான் என்றெல்லாம் அங்கே சொல்லிக்கொடுக்கிறார்கள். ஆண்டுதோறும் சித்திரை மாதத்தில், படிப்பை முடித்துப் போகும் மாணவர்களையும் விருது வாங்கியவர்களையும் மேடையேற்றிக் கொண்டாடுவார்கள். இந்த ஆண்டு அதற்கு ஒரு விழா மலரும் போட முடிவு செய்தார்கள். வேங்கிக்காலில் அரசு அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எந்தச் சாலைக்கு எப்போது தார் போட்டார்கள், எந்தப் பள்ளிக்கூடம் எப்போது மேல்நிலைப் பள்ளியானது என்பதையெல்லாம் குறித்து வைப்பது என் பழக்கம். அது எப்படியோ துறைத் தலைவர் காதுக்கு எட்டி, மலருக்குத் துறையின் வரலாற்றை எழுதித் தரச் சொன்னார்.

வரலாறு முதல் வரியிலேயே நின்றுவிட்டது. துறைக்கு மூன்று பிறந்த ஆண்டுகள் இருந்தன. அரசாணை ஒரு ஆண்டு, முதல் மாணவர்கள் சேர்ந்தது அடுத்த ஆண்டு, பெயர்ப்பலகை மாட்டியது அதற்கும் அடுத்த ஆண்டு. எதைப் போடுவது என்று கேட்டேன். தலைவர் கண்ணை மூடி யோசித்தார்.

"எதப் போட்டா நான் ரிட்டையர் ஆவறதுக்குள்ள வெள்ளி விழா வரும்?"

அரசாணைதான் பிறப்பு, மற்றதெல்லாம் பெயர் சூட்டலும் காது குத்தலும் என்று விளக்கினேன். கணக்குப் போட்டுப் பார்த்தபோது வெள்ளி விழா ஆண்டு ஏற்கெனவே வந்து, யார் கண்ணிலும் படாமல் போய்விட்டிருந்தது. குற்றங்களைத் துப்புத் துலக்கக் கற்றுக்கொடுக்கும் இடத்தில் ஒரு முழு ஆண்டு இப்படிக் காணாமல் போயிருக்கிறதே என்று எனக்குக் கவலை. தலைவருக்கு இல்லை. "சத்தம் போடாம விட்ருவோம் சார். யாரும் கம்ப்ளெய்ன்ட் குடுக்கலையே" என்றார்.

விருதுப் பட்டியலையும் எனக்குத்தான் அனுப்பினார்கள். படிக்கப் படிக்க வியப்பு கூடியது. சிறந்த வருகைப் பதிவு, சிறந்த சீருடை, சிறந்த ஒழுக்கம் என்று போய்க்கொண்டே இருந்தது. துறையில் நடந்த மாதிரி நீதிமன்றத்தில் கொலைக் குற்றவாளியாக நடித்த பையனுக்குச் சிறந்த நடிப்பு விருது. அவனுக்குத் தண்டனை கொடுத்த நீதிபதிப் பையனுக்கு ஒன்றுமில்லை. நீதிபதியின் தாயார் நேரில் வந்து, கொலை செய்தவனுக்கு மெடல், தீர்ப்பு சொன்னவனுக்கு வெறுங்கையா என்று கேட்டதால், சிறந்த நீதி உணர்வு என்று ஒரு விருது புதிதாகப் பிறந்தது. கடைசியில் விருதில்லாமல் ஒரே ஒரு மாணவன் மீந்தான். அவன் மனம் நோகக் கூடாதென்று அவனுக்குச் சிறந்த பொறுமை.

இந்தப் பட்டியலில் உண்மையிலேயே உழைத்து வாங்கிய விருது ஒன்று இருந்தது. சிறந்த ஆய்வுக்கான தங்கப் பதக்கம். அதை வாங்கியவள் என் தம்பி மகள் என்பதால் சொல்லவில்லை. அவள் எழுதியதை முதலிலிருந்து கடைசிவரை படித்தவன் என்பதால் சொல்கிறேன்.

என் தம்பி அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதை ஓரமாக டீக்கடை வைத்திருக்கிறான். ஒரு மாசிப் பௌர்ணமி அன்று, டீ குடிக்க வந்த ஒருவன் கல்லாப் பக்கத்திலிருந்த தம்பியின் போனை எடுத்துச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு கூட்டத்தில் நுழைந்துவிட்டான். தம்பி கண்ணால் பார்த்தான், கத்தினான், கை நிறைய டம்ளர்கள் இருந்ததால் ஓட முடியவில்லை. மறுநாள் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கப் போனபோது, "கூட்டத்துல கீழ விழுந்திருக்கும். தொலஞ்சுபோச்சுனு எழுதிக் குடுங்க, சிம் கார்டு சீக்கிரம் வாங்கிக்கலாம்" என்று அன்பாகவே சொன்னார்களாம். இவனும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தான்.

வீட்டில் மகள் கேட்டாள். "நீ பாத்தல்லப்பா?"

"பாத்தேன்."

"அப்புறம் இன்னாத்துக்குத் தொலஞ்சுதுனு எழுதின?"

"கடை ரோட்டு மேல இருக்குதும்மா" என்றான்.

அந்தப் பதிலிலிருந்துதான் அவளுடைய ஆய்வு தொடங்கியது. அடுத்து வந்த ஒவ்வொரு பௌர்ணமியும் அப்பா கடையில் உட்கார்ந்து, போனைப் பறிகொடுத்தவர்களைத் தேடிப் பிடித்துப் பேசினாள். பாதிப் பேர் புகாருக்கே போகவில்லை. போனவர்களில் பெரும்பாலோர் தொலைந்தது என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவர்கள். ஆய்வுக்கு அவள் வைத்த தலைப்பு: 'கிரிவலப் பாதையில் கைபேசித் திருட்டும் பதிவாகாத புகார்களும்'. பதக்கம் பற்றி அவளுக்குப் பெரிய ஆசை இல்லை. அந்தத் தலைப்பு மேடையில் முழுதாக வாசிக்கப்பட வேண்டும், அதை அப்பா உட்கார்ந்து கேட்க வேண்டும், அவ்வளவுதான். "அவரு சொல்லாம விட்டத ஒரு தடவையாவது யாராச்சும் மைக்ல சொல்லணும் பெரியப்பா" என்றாள்.

சிறப்பு விருந்தினர் முடிவானதும் அதற்கு வில்லங்கம் வந்தது. வேறு மாவட்டத்திலிருந்து ஒரு காவல்துறை உயரதிகாரி வர ஒப்புக்கொண்டார். அன்று மாலையே தலைவர் அவளைக் கூப்பிட்டனுப்பினார். மலர் வேலையாக நானும் அந்த அறையில்தான் இருந்தேன்.

"உக்காரும்மா. காபி சாப்புடுறியா? உன் தலைப்பு ரொம்ப நல்லாருக்கு. அதுல ஒரே ஒரு வார்த்தை மட்டும் கொஞ்சம் காரமா இருக்கு."

"எந்த வார்த்த சார்?"

"திருட்டு."

"இது குற்றவியல் துறைதான சார்?"

"துறை சரிம்மா. விருந்தாளி யாரு? கல்யாண வீட்டுக்கு வந்தவர்கிட்ட போயி பொண்ணுக்குக் கண்ணு தெரியலனு சொல்லுவியா? 'கைபேசி இழப்பு'னு போட்டுக்கலாம். இழப்புலயும் போன் போயிதான இருக்கு?"

அவள் என்னைப் பார்த்தாள். "சார், அவ ஆய்வே அந்த வித்தியாசத்தப் பத்திதான்" என்றேன் நான்.

"அதேதான் சார். உள்ள எழுதியிருக்குல்ல? உள்ள இருக்கறது உள்ளயே இருக்கட்டும்." பேனாவை எடுத்துத் தலைப்பில் கோடு போட்டார். பிறகு மீதியைப் பார்த்து முகம் சுளித்தார். "'பதிவாகாத புகார்கள்' வேற இருக்குதே. அதுவும் வேணாம். இழப்புனா சோகமா இருக்கு, நல்ல நாள் அதுவுமா." இன்னொரு கோடு. கடைசியில் தாளை எங்கள் பக்கம் திருப்பினார். 'கிரிவலப் பாதையில் கைபேசிப் பயன்பாடு'.

"சார், இது சிம் கார்டு விக்கிறவங்க நோட்டீஸ் மாதிரி இருக்கு" என்றாள் அவள்.

"மார்க் கொறச்சனா? மெடல் கொறச்சனா? வார்த்தைதான கம்மி."

"அப்படின்னா மெடல் வேணாங்க சார்."

"பேரு பொறிச்சாச்சும்மா. வேற யாருக்கும் குடுக்க முடியாது" என்றார் அவர், உண்மையான வருத்தத்தோடு.

மலரில் நான் பழைய தலைப்பைத்தான் எழுதியிருந்தேன், மாற்ற மாட்டேன் என்றும் சொல்லிவிட்டேன். தலைவர் கோபப்படவில்லை. அந்தப் பக்கத்தை மட்டும் அச்சகத்தில் வேறு ஆளை வைத்து அடிக்கச் செய்தார். வெளியே வந்ததும், விழாவுக்கு வரப்போவதில்லை என்று தம்பி மகள் சொன்னாள். ஆனால் அதற்குள் அவள் அப்பன் புதுச் சட்டை எடுத்துவிட்டான், கடைக்கு லீவு என்று அட்டையும் எழுதித் தொங்கவிட்டுவிட்டான். அதனால் வந்தாள்.

விழா அன்று, அதாவது வெள்ளிக்கிழமை, அரங்க வாசலில் ஒரு பக்கம் பெரிய கோலம். மறுபக்கம் மாணவர்கள் தங்கள் திறமையைக் காட்டச் சாக்பீஸில் வரைந்த பிணத்தின் உருவம், சுற்றிலும் தடயங்களுக்கு எண் போட்ட அட்டைகள். வந்தவர்கள் எல்லோரும் கோலத்தை மிதிக்காமல் மிகக் கவனமாக ஒதுங்கிப் பிணத்தின் மேல் நடந்து போனார்கள். சிறப்பு விருந்தினரும் அப்படித்தான் போனார். குற்றம் நடந்த இடத்தில் கட்டும் மஞ்சள் நாடா முக்கியப் பிரமுகர்களின் நாற்காலிகளைச் சுற்றிக் கட்டியிருந்தது. என் தம்பி அதைப் பார்த்துவிட்டு, அந்த நாற்காலிகளில் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து மூன்றாம் வரிசைக்குப் போய்விட்டான்.

குத்துவிளக்கு ஏற்றினார்கள். மின்விசிறி அணைத்தது. மறுபடி ஏற்றினார்கள். தலைவர் தம் வரவேற்புரையில், துறை தொடங்கிய ஆண்டை மட்டும் இருமலோடு சேர்த்துச் சொன்னார். விருதுகள் ஆரம்பமாயின. கொலைகாரனுக்குக் கைதட்டல் அதிகம். நீதி உணர்வுக்கு நீதிபதிப் பையனின் தாயார் மட்டும் எழுந்து நின்று தட்டினார்.

தங்கப் பதக்கம் வந்தது. தொகுத்து வழங்கிய மாணவி கணீரென்று வாசித்தாள்: "கிரிவலப் பாதையில் கைபேசிப் பயன்பாடு!" மூன்றாம் வரிசையில் தம்பி பலமாகக் கைதட்டினான். மகளின் பெயர் காதில் விழுந்ததே அவனுக்குப் போதுமாக இருந்தது.

அதிகாரிக்குத் தலைப்பு பிடித்துப்போனது. பதக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டே மைக்கைப் பிடித்தார். "ரொம்பத் தேவையான ஆய்வு. சாமியப் பாக்க வர்றவங்க போனப் பாத்துக்கிட்டே நடக்குறாங்க. மலையச் சுத்துறாங்களா, வாட்ஸ்அப்பச் சுத்துறாங்களானே தெரியல. இந்த வயசுல இந்தப் பொண்ணுக்கு இவ்வளவு பக்தி இருக்குது பாருங்க!" அரங்கம் அதிர்ந்தது. தலைவர் முகத்தில் நிம்மதி. "நீங்களே சொல்லுங்கம்மா, இன்னா கண்டுபிடிச்சீங்க?" என்று அதிகாரி மைக்கை அவளிடம் நீட்டினார்.

தலைவர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, மாலையைச் சரி செய்பவரைப் போல அப்படியே நின்றார்.

"போன் திருடு போவுதுங்க சார்" என்றாள் அவள். "புகார் குடுக்கப் போனா தொலஞ்சுதுனு எழுதச் சொல்றாங்க. அதான் கண்டுபிடிச்சேன்."

கைதட்டலாமா கூடாதா என்று மாணவர்கள் தலைவரைப் பார்த்தார்கள். அதிகாரி கெட்டிக்காரர், சிரிப்பை விடவில்லை. "அப்படியா? பாதிக்கப்பட்டவங்க யாராச்சும் வந்து சொன்னாதானம்மா நாங்க நடவடிக்கை எடுக்க முடியும்? யாரும் வர்றதில்லையே!"

அவள் மூன்றாம் வரிசையைப் பார்த்தாள். அவள் பார்த்த பக்கமே எல்லோரும் திரும்பினார்கள். தம்பிக்கு அருகில் இருந்த நானும் திரும்பினேன். புதுச் சட்டையின் கழுத்துப்பட்டை வியர்வையில் நனைந்திருந்தது. எழுந்திருக்க மாட்டான் என்றுதான் நினைத்தேன். ஒருவேளை எழுந்தாலும் தொலைந்தது என்றுதான் சொல்லப்போகிறான், கடை ரோட்டு மேல் இருக்கிறது என்று தோன்றியது.

எழுந்தான். "என் போனுங்கய்யா. திருட்டுதான். கண்ணால பாத்தேன். தொலஞ்சுதுனு எழுதிக் குடுத்தவனும் நான்தான்."

மைக் இல்லாமலேயே அது கடைசி வரிசைவரை போனது. அதிகாரி ஒரு கணம் மேடையில் இருந்தவர்களைப் பார்த்தார், பிறகு புகைப்படக்காரரைப் பார்த்தார். "நல்லதுங்க. எழுதிக் குடுங்க, நானே எடுத்துட்டுப் போறேன்" என்றார். நிகழ்ச்சியை நிறுத்தாமல் கொண்டுபோகப் பழக்கப்பட்டிருந்த தொகுப்பாளர் மாணவி, "அடுத்ததாக, சிறந்த பொறுமைக்கான விருது" என்று அறிவித்தாள்.

சாப்பாட்டுக் கூடத்தில் பிரிஞ்சி சாதத் தட்டுகளுக்கு நடுவே இடம் ஒதுக்கி, தம்பி எழுத உட்கார்ந்தான். பேனாவைக் கொடுத்தவள் மகள். பதக்கம் அவள் கழுத்தில் திரும்பிக்கொண்டு, பின்பக்கம் தெரிந்தது.

"அண்ணா, அன்னிக்கு இன்னா தேதி?"

சொன்னேன். கிழமையும் சேர்த்துச் சொன்னேன்.

மெதுவாக எழுதினான். ஒவ்வொரு எழுத்தையும் கடைப் பலகை எழுதுவதுபோலப் பெரிதாகப் போட்டான். 'என் கைபேசியைத் திருடிச்' வரை வந்திருந்தபோது, கையில் தட்டோடு துறைத் தலைவர் பின்னால் வந்து நின்றார். தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். பழக்கம் அவரை விடவில்லை.

"எல்லாம் சரிதாங்க. அந்த ஒரு வார்த்தைய மட்டும் கொஞ்சம்..."

தம்பி தலையைத் தூக்காமலேயே சொன்னான். "இதுக்கு மெடல் கெடையாது இல்லீங்களா சார்? அது பாட்டுக்கு இருக்கட்டும்."

அடுத்த சொல்லை எழுதத் தொடங்கினான்.